பயறும் பருப்பும் நகர்த்திய காலம்

போன மாதம் மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கோ நடக்கிற வேறொரு நாட்டுச் சண்டையை வரைபடம் வைத்து இணையத்தில் விளக்குகிறவராம்.

"ஐயா, நீங்கள்தானே அந்தப் பெருங்காட்டான்?"

"ஓம். அது கனகாலம்."

"உங்கட காலத்தில சற்றலைற் படம் ஒண்டும் கையில இல்லைத்தானே. எப்பிடி ஆய்வு செய்தனீங்கள்?"

"முழங்காலில நிண்டு," என்றேன்.

அவர் அதை அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். நான் உள்ளதைத்தான் சொன்னேன். எங்கள் வரைபடம் தரையில் கிடந்தது. இரண்டு வருடம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அதைச் சுற்றி முழங்காலில் நகர்ந்திருக்கிறேன். வலது முழங்கால் இன்றைக்கும் படி ஏறும்போது சத்தம் போடும். "இதையெல்லாம் ஒருக்கா எழுதித் தாங்கோ ஐயா, எங்களைப் போல ஆக்களுக்கு உதவும்" என்றார். உதவுமா தெரியாது. எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எட்டாம் வகுப்பை முடித்தேனா என்பதில் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அதன் பிறகு கால் போன போக்கு. வன்னியில் மட்டும் ஐந்து வருடம் அலைந்தேன். சைக்கிளில் மண்ணெண்ணெய்க் கலன் கட்டி விற்றேன், விசுவமடுவில் ட்ரக்டர் ஓடினேன், நந்திக்கடல் என்கிற உப்புநீர்க் களப்பில் இறால் பிடிக்கிறவர்களோடு ஒரு பருவம் நின்றேன். பிறகு கொழும்பு, ஒரு கப்பல், ஜேர்மனி, இரண்டு தரம் மறியல் சிறை, மொன்றியல். இங்கே கோப்பை கழுவினேன், விளம்பரத் தாள் போட்டேன், கோழி வெட்டினேன். கடைசியில் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பண்டகசாலையில் கொன்ரெய்னரில் இருந்து சாமான் இறக்கும் வேலையில் நிலைத்து, அதிலேயே ஓய்வும் பெற்றேன். வேலையில் பிடிப்பு வந்து நின்றதாக யாரும் நினைக்க வேண்டாம். முதுகு பிடித்துக்கொண்டது, வேறு இடம் போக முடியவில்லை.

இதற்கு நடுவில்தான் நான் இராணுவ ஆய்வாளர் ஆனேன்.

அது இரண்டாயிரத்து ஏழு. வன்னியை மேற்கிலிருந்து இலங்கை ஆமி மெல்ல மெல்லப் பிடித்து வரத் தொடங்கிய காலம். இங்கே கிழமைக்கு ஒருமுறை ஒரு இலவசத் தமிழ்ப் பத்திரிகை வரும். அதில் ஒருநாள் போர்க்கள வரைபடம் போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அடியில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, நீங்கள் ஒட்டுசுட்டானைக் கடலுக்குள்ள விட்டிட்டியள்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "நீர் ஆர்?"

"நான் கொன்ரெய்னர் இறக்கிறவன்."

"வன்னி தெரியுமோ?"

"றோட்டுத் தெரியும். பள்ளம் தெரியும். எந்த வீட்டு நாய் கடிக்கும் எண்டும் தெரியும்."

"செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வாரும்."

அவர்தான் அருளப்பு மாஸ்டர், பத்திரிகையின் ஆசிரியர். மன்னார் ஆள். ஊரில் இரசாயனம் படிப்பித்தவர். இங்கே காலையில் ஒரு கார்டெரியில், பிள்ளைக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைப்பார், பின்னேரம் பத்திரிகை நடத்துவார். எந்த வெயிலிலும் எந்தப் பனியிலும் முழுக்கைச் சட்டை, மேல் பொத்தான் வரைக்கும் பூட்டியிருப்பார். எல்லாரையும் "நீர்" என்பார். அவர் கதிரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வகுப்பில் நிற்பது போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரைபடத்தின் வடக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்தில், நிற்பார்.

பத்திரிகை அலுவலகம் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறை. மேசையில் கணினி இருந்ததால் வரைபடத்துக்குத் தரைதான் மிச்சம். இறைச்சி சுற்றுகிற வெள்ளைத் தாளை மூன்று நீளம் ஒட்டி, மாஸ்டர் அதில் வன்னியை வரைந்திருந்தார். ஆமிக்கு மைசூர்ப் பருப்பு. எதிர்த்து நின்ற இயக்கத்துக்குப் பயறு. கடையில் இருந்து ஒவ்வொரு கோப்பை அள்ளிக்கொண்டு வந்து, கிழமைச் செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்து, தானியத்தை நகர்த்துவோம். மாஸ்டர் வாசிப்பார், நான் நகர்த்துவேன். சம்பளம் ஒரு பிளேன்ரீ, இரண்டு றோல்ஸ்.

முதல் நாளே கட்டுரை எழுதுகிற முறையைச் சொல்லித் தந்தார். நாலு பந்தி. முதலாவது, எதிரி என்ன நினைக்கிறான். இரண்டாவது, எதிரிக்கு என்ன கரைச்சல், என்ன தொல்லை. மூன்றாவது, நிலம். அது என்னுடைய பகுதி. நாலாவது, "வரும் கிழமைகளில் தெரியவரும்" என்ற முடிப்பு.

"மாஸ்டர், ஆமி ஒரு இடத்தைப் பிடிச்சா?"

"பிடிச்சது எண்டு எழுதலாம். ஆனா ரெண்டாம் பந்தியில எழுதும். கரைச்சல் எண்ட பந்திக்குள்ள வந்தா அது அவனுக்குக் கரைச்சல்."

"அது பொய்யெல்லே?"

"பொய் எழுதக்கூடாது. நான் ஒருநாளும் விடமாட்டன். உண்மையை எங்க வைக்கிறது எண்டதுதான் ஐசே பத்திரிகைத் தொழில்."

பெருங்காட்டான் என்ற புனைபெயரும் அவர் வைத்ததுதான். கம்பீரமாக இருக்கிறது என்றார். என் மூன்றாம் பந்தி எடுபட்டது. மாங்குளத்துக்குக் கிழக்கே மழைக்கு எந்த இடம் சேறாகும், எந்தக் குளத்தின் அணைக்கட்டில் ட்ரக்டர் போகும், எதில் போகாது என்று எழுதினேன். போகாத இடங்களில் நான் ட்ரக்டரைப் புதைத்த அனுபவம் இருந்ததால் எழுத்தில் ஒரு உறுதி வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் மைசூர்ப் பருப்பு முடிந்துவிட்டது. யாரோ கலியாணவீட்டுக்கு மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் ஆமிக்குக் கொண்டைக்கடலை வைத்தோம். வைத்து முடித்து நிமிர்ந்து பார்த்தால், ஆமி ஒரே நாளில் நாலு மடங்கு பெருத்துப் போய் நிற்கிறது. மாஸ்டரின் முகம் வாடிவிட்டது. இரண்டு தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவ்வளவு பெரிய படை" என்று வாய்விட்டே சொன்னார். கடலையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவரே. அந்தக் கிழமைக் கட்டுரை வழமையை விடக் கவலையாக இருந்தது என்று வாசகர்கள் சொன்னார்கள்.

இன்னொரு முறை கடைக்கார அக்கா, நாங்கள் வரமுதல் அறையைக் கூட்டிவிட்டார். முறிகண்டி தொடக்கம் மல்லாவி வரை ஒரு தானியம் இல்லை. "அக்கா, முன்னரங்கு எங்க?" என்று கேட்டேன். "அந்தக் குப்பையோ? முறத்தில கிடக்கு, வேணுமெண்டா கொழிச்சு எடுங்கோ" என்றார். கொழித்து எடுத்து, ஞாபகத்தில் வைத்து, அச்சுக்கு அனுப்பினோம். யாரும் பிழை சொல்லவில்லை.

நான் வேலை செய்த பண்டகசாலையில் கிறிஸ்ரி என்று ஒருவன் இருந்தான். பெருங்காட்டான் நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது சண்டை நிலவரத்தைப் பற்றி நான் ஏதும் சொன்னால் கையைக் காட்டி நிறுத்துவான்.

"நீ சும்மா வாயில வந்ததைக் கதையாத. பெருங்காட்டானை ஒருக்கா வாசி. உனக்கு விளங்காது, எண்டாலும் வாசி. அவர் பழைய இராணுவ அதிகாரி."

"எந்த இராணுவத்தில?"

"அதெல்லாம் வெளியில சொல்லேலாது."

இரண்டாயிரத்து ஒன்பது புது வருடம் பிறந்த கையோடு கிளிநொச்சி போனது. பிறகு முல்லைத்தீவு நகரம். பயறு வைக்க இடம் போதவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ கரண்டியால் கொட்டினது போல இருந்தது. மாஸ்டர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் போனபோது பழைய தாளைக் காணவில்லை. புதிதாக ஒன்று விரித்திருந்தார். மிஞ்சியிருந்த பகுதியை மட்டும் பெரிதாக்கி, தாள் முழுக்க வரைந்திருந்தார். பயறு திரும்பவும் அறை முழுக்கப் பரவியது.

"இப்ப பாரும். எவ்வளவு இடம் கிடக்கு."

அதிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை, பிறகு கிழமைக்கு ஒருமுறை, அளவுத்திட்டத்தைப் பெரிதாக்கினோம். எங்கள் அறையில் வன்னி ஒருநாளும் சுருங்கவில்லை. பங்குனி மாதம் அளவில் வரைபடத்தில் கிணறுகள் வந்துவிட்டன. ஒரு பனங்கூடலை நானே மரம் மரமாக வைத்தேன். நிலம் குறையக் குறைய என் மூன்றாம் பந்தி நீண்டது. ஒரு முழுப் பக்கம் ஒரு மதகைப் பற்றி எழுதினேன்.

அந்த மதகில்தான் வினை வந்தது.

இரணைப்பாலைப் பக்கத்தில் ஒரு சின்ன மதகு, வாய்க்காலுக்கு மேலால் றோட்டுப் போகிற பாலம். ரொறன்ரோவில் ஒரு இணையத்தளத்தில், களத்திலிருந்து கிடைத்த நம்பகமான தகவல் என்று போட்டிருந்தார்கள்: அந்த மதகை மறித்துச் சிவப்பு நிறத்தில் ஒரு இரும்புத் தடை போடப்பட்டிருக்கிறது, ஆமியின் வாகனங்கள் அதைத் தாண்டவில்லை. மாஸ்டர் அதைத் தாளில் எடுத்து வைத்திருந்தார். எனக்கு அந்த மதகு தெரியும். ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் சேறு. அதில் ஏதும் குறுக்கே கிடந்தால் சுற்றிப் போக வழியில்லை. எழுதினேன். மாஸ்டர் என் "இரும்புத் தடை"யை வெட்டிவிட்டு "கவசத் தடை" என்று போட்டார். சிவப்பை விட்டுவைத்தார். நிறம் சொன்னால் நேரில் பார்த்தது போல இருக்கும் என்றார். "இந்தச் செந்நிறக் கவசத் தடையைத் தாண்டி இப்போதைக்கு எதிரி வருவது கடினம்" என்று கட்டுரை முடிந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, நான் முழங்காலில் நிற்கும்போது ஒரு பெண் கடைப்பக்கக் கதவால் உள்ளே வந்தார். பெயர் சுகந்தி. லவாலில் இருக்கிறவர், ஆஸ்பத்திரி ஒன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை.

"பெருங்காட்டான் ஆர்?"

மாஸ்டர் கையால் என்னைக் காட்டினார். சுகந்தி என்னைப் பார்த்து, தரையைப் பார்த்து, திரும்ப என்னைப் பார்த்தார். பழைய இராணுவ அதிகாரியை எதிர்பார்த்து வந்தவருக்கு, கையில் பயறோடு தவழ்கிற ஒருவனைக் காண்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"அண்ணை, என்ரை தங்கச்சி வதனி மாத்தளன் கரையில நிக்கிறாள். ரெண்டு பிள்ளையள். ஒண்டுக்கு எட்டு, மற்றதுக்கு நாலு. நிக்கிறதோ, வெளிக்கிடுறதோ? வியாழக்கிழமை காலமை எடுப்பாள். உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னவள்."

"என்னையோ?"

"ஓம். ஒவ்வொரு கிழமையும் உங்கட எழுத்தைப் போனில வாசிச்சுக் காட்டுறனான். அங்க பங்கரில எல்லாருக்கும் அவள் சொல்லுறவள். அந்தச் சிவப்புத் தடை இருக்குமட்டும் பயமில்லை எண்டு பெருங்காட்டான் எழுதியிருக்கிறார், அதாலதான் நிக்கிறன் எண்டவள்."

"மதகு உறுதியான இடம்தான் பிள்ளை. இஞ்ச பாரும்." மாஸ்டர் வரைபடத்தில் மதகைக் காட்டினார். அதன் மேல் நான் ஒரு செத்தல் மிளகாயை வைத்திருந்தேன். சிவப்பாக வேறொன்றும் கிடைக்கவில்லை.

சுகந்தி குனிந்து பார்த்தார். "இதில சனம் எங்க?"

"இது இராணுவ வரைபடம்," என்றார் மாஸ்டர்.

பருப்பு இருந்தது, பயறு இருந்தது, பனைக்குக் கிராம்பு கூட இருந்தது. சனத்துக்கென்று ஒரு தானியம் நாங்கள் வைத்திருக்கவில்லை. அதை அந்த நிமிடம் வரை நான் கவனித்ததில்லை.

"இந்த மதகிலதானே தேவன்ட ட்ரக்டரும் பிரண்டது," என்று சுகந்தி தனக்குள் சொல்வது போலச் சொன்னார்.

"எந்தத் தேவன்?" என்றேன்.

"தங்கச்சியின்ர புருஷன். சாமான் ஏத்திக்கொண்டு வரேக்க மதகில குறுக்காப் பிரண்டு போச்சு. அப்பிடியே விட்டிட்டு மாத்தளனுக்கு நடந்து வந்ததுகள்."

"ட்ரக்டர் என்ன நிறம்?"

"சிவப்பு."

எழும்ப முயன்றேன். முழங்கால் விடவில்லை. இருந்தபடியே கேட்டேன்: "அக்கா, இந்த ட்ரக்டர் கதையை நீங்கள் ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"கோயிலில சொன்னனான். டொலார்ட் கோயிலில அன்னதானத்துக்குச் சோறு போடுற அண்ணைக்கு. மதகில ட்ரக்டர் கிடக்கு, அதால ஒரு வாகனமும் போகேலாது எண்டு தங்கச்சி சொன்னதை அப்பிடியே சொன்னன்."

"அவருக்கு ரொறன்ரோவில ஆரும் சொந்தமோ?"

"அவரின்ர மச்சான் அங்க என்னவோ இணையத்தளம் நடத்துறாராம்."

முன்னால் கடையில் யாரோ முருங்கைக்காய் இருக்கிறதா என்று கேட்டார்கள். வதனி தன் புருஷனின் ட்ரக்டர் புரண்டதை அக்காவுக்குச் சொன்னாள். அக்கா கோயிலில் சொன்னார். கோயில் ரொறன்ரோவுக்குச் சொன்னது. ரொறன்ரோ அதை இரும்புத் தடை ஆக்கியது. நாங்கள் கவசத் தடை ஆக்கினோம். அக்கா அதைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினார். தங்கச்சி, மொன்றியலில் ஒரு பெரிய இராணுவ மூளையே சொல்லிவிட்டது என்று, ரெண்டு பிள்ளைகளோடு தன் புருஷனின் உடைந்த ட்ரக்டரை நம்பிப் பதுங்கு குழியில் இருக்கிறாள்.

"தேவன் இப்ப எங்க?" என்று கேட்டேன்.

"ட்ரக்டரில கொட்டிலுக்கு மூடுற தறப்பாள் கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போனவராம். ஒன்பது நாள். இன்னும் வரேல்லை. அவள் அதுக்கும் சேத்துத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

சுகந்தி போன பிறகு மாஸ்டர் நெடுநேரம் தாளின் வடக்கில், தன் பழைய யாழ்ப்பாணத்திலேயே, நின்றார். பிறகு சொன்னார்: "வெளிக்கிடச் சொல்லாதையும். வெளிக்கிடுறதெண்டா ஆமிப் பக்கம்தான் போகவேணும். நீர் சொன்னனீர் எண்டு ஆரும் அறிஞ்சா நாளைக்கு ஒரு கடையிலயும் இந்தப் பேப்பரை வைக்க விடமாட்டாங்கள்."

"அப்ப என்ன சொல்ல?"

"வரும் கிழமைகளில் தெரியவரும் எண்டு சொல்லும்."

அவரைக் கெட்ட மனிதர் என்று எண்ண வேண்டாம். சொல்லிவிட்டு அவரே குனிந்து, மதகில் இருந்த செத்தல் மிளகாயை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் குனிந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வியாழக்கிழமை வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு மெத்ரோவில் லவாலுக்குப் போனேன். சுகந்தியின் சமையலறையில் தொலைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார். எட்டு மணிக்கு அடித்தது. அங்கே பின்னேரம். கரையில் ஒருவர் சற்றலைற் போன் வைத்திருப்பார், சனம் வரிசையில் நின்று கதைக்கும். ஆளுக்குச் சில நிமிடம்தான். நாம் சொல்வது போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் எடுக்கும்.

"அண்ணை, நீங்களோ பெருங்காட்டான்? உண்மையாவோ?" குரல் சின்னப்பிள்ளையின் குரல் போல இருந்தது.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "தங்கச்சி, வடிவாக் கேளுங்கோ. நான் ஆய்வாளர் இல்லை. நான் இஞ்ச கொன்ரெய்னரில சாமான் இறக்கிறவன். எனக்கு ஒண்டும் தெரியாது. அந்தத் தடை எண்டு எழுதினது உங்கட ட்ரக்டர்."

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

"விளங்குது அண்ணை. போனில வெளிப்படையாக் கதைக்கேலாதுதானே."

"இல்லைத் தங்கச்சி, நான் உண்மையைத்தான் சொல்லுறன். எட்டாம் வகுப்புத்தான் படிச்சனான்."

"ஓம் ஓம். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். எனக்கு மட்டும் சொல்லுங்கோ, என்ன செய்ய?"

சுகந்தி என்னைப் பார்த்தார். பின்னால் எங்கோ இடி போல ஒன்று கேட்டது. வரிசையில் நின்ற யாரோ "கெதியாக் கதை பிள்ளை" என்றார். வாழ்க்கையில் பல இடங்களில் நான் இல்லாத ஆளாக நடித்திருக்கிறேன், கள்ளப் பாஸ்போட்டில் வேறு பெயரோடு எல்லை தாண்டியிருக்கிறேன். அவ்வளவும் எளிது. நான் ஒன்றுமில்லாதவன் என்று ஒருத்தியை நம்பவைக்க என்னால் முடியவில்லை. ஆகவே குரலைத் தாழ்த்தி, பெருங்காட்டானாகவே பேசினேன்.

"தங்கச்சி, மதகு இனித் தாங்காது. களத்தகவல் வந்திருக்கு. நீங்கள் வெளிக்கிட வேணும்."

"எந்தப் பக்கத்தால?"

இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. "களப்புக்குள்ளால. கரையில முந்தி இறால்காரரின்ர வாடிக் கொட்டில் இருந்த இடம் இருக்கு, பழைய சீமெந்துத் தொட்டி ஒண்டு கிடக்கும். அதுக்கு வடக்கால இறங்குங்கோ. அந்த இடம் மண் இறுக்கம், சேறில்லை. நேர அக்கரையைப் பாத்து நடக்க வேணும். இடப் பக்கம் திரும்பக் கூடாது, அதில குழி. தண்ணி இடுப்பளவு."

"பிள்ளையளோட?"

"பிள்ளையளோட. வெளிச்சம் வர முதல்."

"அவர் வாறன் எண்டவர் அண்ணை."

"காத்திருக்காதேங்கோ. பக்கத்துப் பங்கரில சொல்லிப்போட்டுப் போங்கோ."

"இடுப்பளவு எண்டது நிச்சயமோ?"

"நிச்சயம்."

தொடர்பு அறுந்தது. மாஸ்டரின் நாலு பந்தியில் நிச்சயம் என்ற சொல்லை நான் ஒருநாளும் எழுதியதில்லை.

சுகந்தி தேத்தண்ணி போட்டார். இரண்டு பேரும் குடிக்கவில்லை. "அண்ணை, தண்ணி உண்மையா இடுப்பளவோ?" என்று கேட்டார். "நான் நிண்ட காலத்தில இடுப்பளவு," என்றேன். அது பதினொரு வருடத்துக்கு முந்திய காலம், மழையில்லாத மாதம். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வருடத்து மழையை எண்ணிக்கொண்டு வந்தேன். நான் எழுதிய மூன்றாம் பந்திகளிலேயே எவ்வளவு மழை பெய்திருந்தது.

ஒரு கிழமை கழித்துப் பண்டகசாலையில் கிறிஸ்ரி என் காதுக்குக் கிட்ட வந்தான். "சங்கதி தெரியுமோ? களப்புக்குள்ளால ஒரு இரகசியத் திட்டம் இருக்காம். சீமெந்துத் தொட்டிக்கு வடக்கால. ரொறன்ரோவில போட்டிருக்கு."

உடனே சுகந்திக்கு எடுத்தேன்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அண்ணை. சத்தியமா. சாமிக்கு மட்டும்தான் சொன்னனான்."

"எப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அர்ச்சனைக்கு ஐயர் என்ன காரியம் எண்டு கேட்டவர். அப்ப விபரமாச் சொன்னன்."

"எவ்வளவு விபரமா?"

"தொட்டி வரைக்கும்."

அதன் பிறகு செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. வதனியிடம் இருந்து அழைப்பும் வரவில்லை. சித்திரை நடுவில் சனம் ஆயிரக்கணக்கில் களப்பைக் கடந்து போகிற படங்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சுகந்தியும் நானும் தனித்தனி வீட்டில் இருந்துகொண்டு, தொலைபேசியில் ஒரே படத்தைப் பார்த்தோம். "அந்த நீலச் சட்டை அவளோ?" "தெரியேல்லை அக்கா." "அந்தத் தலையில பிள்ளையோட போறது?" நான் வதனியை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

நான் செவ்வாய்க்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருந்தேன். வேறு எங்கே போவது? ஒட்டாவா ஆர்ப்பாட்டத்துக்கு பஸ் போனபோது அதிலும் போய்க் கத்திவிட்டு வந்தேன். வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னறைக்குப் போனேன். சண்டை முடிந்துவிட்டது என்று உலகம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மாஸ்டர் புதிய தாள் ஒன்றை விரித்திருந்தார். ஒன்றும் வரையவில்லை. பயறு கோப்பையில் இருந்தது. ஆறு மணியில் இருந்து ஏழு மணி வரை நாங்கள் இரண்டு பேரும் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கட்டுரைக்கு அரைப்பக்கம் விட்டிருக்கிறன்," என்றார்.

"எதை எழுத மாஸ்டர்?"

அவர் மேல் பொத்தானைக் கழற்றினார். "இந்தக் கிழமை சமையல் குறிப்புப் போடுவம்." அந்த இடத்திலேயே நின்றபடி, கார்டெரிப் பிள்ளைகளுக்குச் செய்கிற பயற்றங்கஞ்சியின் செய்முறையைச் சொன்னார். நான் எழுதினேன். நாலு பந்தி வந்தது. பெருங்காட்டான் என்ற பெயரைக் கணினியில் அழிக்க மறந்துவிட்டோம். அந்தப் பெயரிலேயே கஞ்சி அச்சாகியது. கிறிஸ்ரி அதை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து வைத்து மூன்று நாள் படித்தான். "இதில ஏதோ செய்தி இருக்கு," என்றான். "எவ்வளவு தண்ணி எண்டு சொன்ன இடத்தைப் பார்."

வதனியின் செய்தி ஆடி மாதம்தான் வந்தது. தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்த முகாமில் இருந்து யாரோ மூலமாக ஒரு துண்டுக் கடிதம்: நானும் பிள்ளைகள் இரண்டும் இருக்கிறோம். அவ்வளவுதான். சுகந்தி வேலையில் இருந்து எனக்கு எடுத்து அதை வாசித்தார். பின்னால் தோய்க்கும் மெஷின்களின் இரைச்சல். நான் அப்போது ஒரு கொன்ரெய்னருக்குள் நின்றேன். தேங்காய்த் துருவல் பெட்டிகள். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வையாளர் வந்து ஏன் இருக்கிறாய் என்று பிரெஞ்சில் கேட்டார். அதற்குப் பிரெஞ்சில் என்னிடம் வார்த்தை இல்லை. மெர்சி என்றேன்.

அவள் வெளியில் விடப்பட்டு வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த பிறகு, இங்கே பனி தொடங்கிய நேரம், சுகந்தியின் வீட்டில் இருந்து அவளோடு கதைத்தேன். இந்த முறை தொடர்பு தெளிவாக இருந்தது. பின்னால் பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள்.

"அண்ணை, தண்ணி இடுப்பளவு இல்லை," என்று தொடங்கினாள்.

"எவ்வளவு?"

"கழுத்து. நடுவில வாய் வரைக்கும். சின்னவனைத் தலையில வைச்சிருந்தன். மூத்தவள் ஒரு வெறும் எண்ணெய்க் கலனைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு வந்தவள்."

"எனக்கு அந்த இடத்தில இடுப்பளவுதான் தங்கச்சி. மழைக்கு ஏறியிருக்கும்."

"நீங்கள் எவ்வளவு உயரம்?"

"ஆறடி ஒண்டு."

"நான் நாலடி பத்து," என்றாள்.

இரண்டு வருடம் வன்னியின் பள்ளம் திட்டி எல்லாம் அளந்து எழுதியவன் நான். கடக்கப் போகிறவளின் உயரத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் விடவில்லை. இடப் பக்கம் குழி இருந்தது உண்மைதான், அதைச் சொன்னபடியால்தான் தப்பினோம், எங்களுக்குப் பின்னால் எங்கள் பங்கரில் இருந்து பதினாலு பேர் வந்தவர்கள் என்றாள். பிறகு குரலைக் குறைத்தாள்.

"அண்ணை, அவரை இன்னும் காணேல்லை. முகாம் எல்லாம் தேடியாச்சு. லிஸ்ரிலயும் பேர் இல்லை. பக்கத்துப் பங்கரில சொல்லிப்போட்டுத்தான் வந்தனான், நீங்கள் சொன்னமாதிரி. அந்தப் பங்கர் ஆக்களையும் காணேல்லை. நீங்கள் என்ன நினைக்கிறியள்? மதகில இருந்து அவர் எந்தப் பக்கத்தால போயிருப்பார்?"

சுகந்தி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரைபடம் இல்லாமலே அந்த மதகு என் கண்ணுக்குள் இருந்தது. ஒடுக்கம், இரண்டு பக்கமும் சேறு.

"எனக்குத் தெரியாது தங்கச்சி," என்றேன். "உண்மையாவே தெரியாது."

"சரி அண்ணை," என்றாள். "அவசரமில்லை. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."